எழுந்தால் விக்கெட் விழும்

எங்கள் வீட்டில் கிரிக்கெட் தெரியாதவள் நான் ஒருத்திதான் என்று அண்ணன் சொல்வான். எனக்குத் தெரியும், பிடிக்காது, அவ்வளவுதான் என்று நான் சொல்வேன். அந்த வீட்டில் இரண்டும் ஒன்றுதான். மேட்ச் நடக்கும் நாளில் எனக்கு முன்னறையில் இடம் கிடையாது. ஒரு தடவை சீப்பைத் தேடிக்கொண்டு நான் உள்ளே நுழைந்த நேரம் பார்த்து, அதுவரை நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவர் அவுட் ஆகித் தொலைத்தார். அன்றோடு என் ராசி முடிவாகிவிட்டது. "நீ உள்ள வராத தாயே, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். அப்பா சிரித்தார். சிரித்தாரே தவிர, பரவாயில்லை வா என்று கூப்பிடவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள் அவை. உழவர்கரைப் பக்கம் ஒரு காலனியில் குடியிருந்தோம். முன்னறை, உள்ளறை, சமையலறை, பின்னால் துணி துவைக்கிற கல், அவ்வளவுதான் வீடு. அப்பா தட்டாஞ்சாவடியில் தண்ணீர் மோட்டாருக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு பட்டறையில் லேத் ஓட்டி, பிறகு அங்கேயே சூப்பர்வைசர் ஆனவர். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது வீட்டில் பேசக் கூடாத விஷயம்.

அப்பாவுக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து உண்டு. சினிமாவில் சண்டைக் காட்சி வந்தால் எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார். "யாரு ஜெயிக்கப் போறான்னு தெரிஞ்ச சண்டைய எதுக்குப் பாக்கணும்?" என்பார். பாட்டு என்றால் மெதுவாகப் போக வேண்டும். தாளம் வேகமெடுத்தால் ரேடியோவை அணைத்துவிடுவார். நான் நூலகத்திலிருந்து எடுத்துவரும் நாவல்களைக் கொஞ்சம் படித்துவிட்டு, "இவன் ரொம்ப அவசரப்படுறாம்மா" என்று திருப்பிக் கொடுப்பார். எழுதியவன் அவசரப்படுகிறானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உலகத்தில் அவருக்கு இரண்டே வகை மனிதர்கள்: அவசரப்படுகிறவர்கள், பொறுத்திருப்பவர்கள்.

கிரிக்கெட்டிலும் அவருக்குப் பிடித்த ஆட்டக்காரர் அப்படிப்பட்ட ஒருவர்தான். அவர் அடிக்கவே மாட்டார். பந்தை மட்டையால் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டு நிற்பார். "கட்டை போடுறவன்" என்று ஊரே கேலி செய்தது. அப்பா மட்டும், "எல்லாரும் ஓடிப்போன அப்பறம் கடைசியா நிக்கிறவன் அவன்தான்" என்று ஒரே பிடியாக நிற்பார். அண்ணனுக்குப் பிடித்தவர் நேர் எதிர். வந்தவுடன் சுற்றுவார். பட்டால் சிக்ஸர், படாவிட்டால் திரும்பி நடக்க வேண்டியதுதான். முன்னறையில் அண்ணன் படுக்கிற பக்கத்துச் சுவரில் அவர் படம் ஒட்டியிருந்தது. அவர் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். எந்த மேட்ச், எந்த நாட்டோடு என்றும் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே முழு ஸ்கோரையும் ஒப்பித்து, நீ சொல்வது தப்பு என்று சண்டைக்கு வர ஆள் இருக்கிறது. எனக்கு அந்த ஸ்கோர் வேண்டாம்.

அப்பாவும் அண்ணனும் இந்த இரண்டு ஆட்டக்காரர்களுக்காகப் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை. குரல் தெருமுனை வரை கேட்கும். ஆனால் அந்தச் சண்டை நடக்கும்போதெல்லாம் அம்மாவின் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். காரணம் இருந்தது. அண்ணன் பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் விட்டவன். அப்பா யார் யார் காலிலோ விழுந்து தன் பட்டறையிலேயே அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். சில வாரம் போனான். பிறகு ஒரு நாள் மதியம் சாப்பாட்டு மணிக்கு வெளியே போனவன் திரும்பவில்லை. முதலாளி எல்லார் முன்னாலும், "உன் பையனைப் பத்தி நீ சொன்னது இதுதானா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அப்பா அவனோடு நேராகப் பேசியதில்லை. "அவன் வந்துட்டானான்னு கேளு", "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்று எல்லாம் அம்மா வழியாகத்தான் போகும். ஒரே அறையில் இருந்தாலும் அம்மா வழியாகத்தான். கிரிக்கெட் ஓடும்போது மட்டும் அந்த விரதம் கலைந்துவிடும். "அது எப்படிடா அவுட்டாவும்?" என்று அப்பா நேராக அவன் முகத்தைப் பார்த்துக் கேட்பார். அவனும் நேராகப் பதில் சொல்வான். மேட்ச் முடிந்து டிவியை அணைத்ததும் மறுபடியும் ஊமையாகிவிடுவார்கள். எனக்கு அந்த ஆட்டத்தின்மேல் இருந்த எரிச்சலில் பாதி இதனால்தான். பெற்ற பிள்ளையோடு பேச ஒரு விளையாட்டின் தயவு வேண்டுமா என்று தோன்றும்.

இடம் மாறக் கூடாது என்ற சட்டம் எப்போது வந்தது என்று சரியாக நினைவில்லை. இந்த ஊரில் கிரிக்கெட் பார்க்கிற எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு வகையில் அது இருந்தது. எங்கள் வீட்டில் அது முற்றிப்போன நிலையில் இருந்தது. அப்பா பிரம்பு நாற்காலியில், வலது காலை முக்காலிமேல் வைத்து உட்கார வேண்டும். அண்ணன் தரையில் கட்டில் காலில் சாய்ந்திருக்க வேண்டும். அவன் சிநேகிதர்கள் இரண்டு பேர் பாயில். விக்கெட் விழாமல் போய்க்கொண்டிருந்தால் யாரும் அசையக் கூடாது. ஒண்ணுக்குப் போவதென்றால்கூட விளம்பரம் வரும்போது ஓட வேண்டும். திரும்பி வந்ததும் அதே மாதிரி கால் மடித்து உட்கார வேண்டும். ஒரு முறை சிநேகிதர்களில் ஒருவன் கால் மரத்துப்போய் அழுகிற நிலைக்கு வந்தும் நீட்ட விடவில்லை.

அம்மாவுக்கும் ஒரு இடம் இருந்தது. சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் உள்ள வாசப்படி. ஏதோ ஒரு மேட்சில் அம்மா காபித் தட்டோடு அதில் கால் வைத்த நேரம் ஒரு சிக்ஸர் விழுந்தது. காபியைக் கொடுக்க அடுத்த அடி வைத்தாள். "அம்மா, அங்கயே நில்லு!" என்று எல்லாரும் கத்தினார்கள். நின்றாள். இன்னொரு பவுண்டரி போனது. அதோடு முடிந்தது கதை. எல்.பி.டபிள்யூ. என்றால் என்னவென்று கடைசிவரை தெரியாத பெண்பிள்ளை, இக்கட்டான கட்டத்திலெல்லாம் வாசப்படியில் ஏற்றி நிறுத்தப்பட்டாள். நான் அதே படியில் நின்றால், "வாசப்படியில நிக்காதடி, வீட்டுக்கு ஆவாது" என்று திட்டுகிறவள் அவள்தான். மேட்ச் என்றால் அந்தச் சாஸ்திரம் செல்லாது. அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும். அவள் நின்றுகொண்டிருப்பாள். கேலி செய்தால், "நிக்கிறதுல இன்னா கொறஞ்சிட்டேன், அவுங்க ரெண்டு பேரும் பேசிக்கினு இருக்காங்க இல்ல" என்பாள்.

இந்தக் கூத்தையெல்லாம் நம்பாத ஒரே ஆள் பக்கத்துத் தெருப் பெரியவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் ஒரு சொல்தா. எந்தெந்த தேசத்திலோ சண்டை போட்டுவிட்டு வந்தவர். அவருக்கு ஆட்டம் என்றால் கால்பந்துதான். சாயங்காலம் நடைக்குப் போகிற வழியில் எங்கள் கேட்டில் நின்று, "இன்னா முசியே, காலையில ஆரம்பிச்ச ஆட்டம் இன்னும் முடியலையா? எங்க ஆட்டத்துல இந்நேரத்துக்கு ஜெயிச்சவன் குளிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்" என்று அப்பாவைச் சீண்டுவார். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. அப்பாவும் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அவசரக்காரங்க ஆட்டம் முசியே உங்களுது" என்று கத்துவார். எதிர்க்கருத்து உள்ள ஒருவரிடம் அப்பா கோபமில்லாமல் பேசியது அவரிடம் மட்டும்தான்.

அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆட்டுக்கறிக் குழம்பு. அப்பா வழக்கமாக இரண்டாம் முறை சோறு வாங்குவார். அன்று முதல் சோற்றையே மிச்சம் வைத்தார். நெஞ்சு கரிக்கிறது என்றார். அம்மா ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு ஏப்பம் விட்டார். "வாயுதான், செரியாப் போவும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எதிரணி ஆடி முடித்து, நம்மவர்கள் ஆட இறங்கியிருந்தார்கள். எட்ட முடியாத ஸ்கோர் இல்லை. ஆனால் அண்ணனுக்குப் பிடித்த அந்த அடிக்கிற ஆள் வந்ததும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள். அப்பாவுடைய ஆள் மட்டும் நின்றார்.

நான் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தேன். திரைச்சீலை ஓரமாக அப்பாவின் முதுகும் நாற்காலியின் பின்பக்கமும் தெரியும். அப்பா இடது தோளை வலது கையால் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு அந்தக் கையையும் மடியில் போட்டுவிட்டார். பனியனில் முதுகுப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது. மின்விசிறி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரையை விலக்கி, "அப்பாவுக்கு ஏன் இப்படி வேர்க்குது?" என்று கேட்டேன்.

"எனக்கும்தான் வேர்க்குது. மேட்ச்சு அப்படிப் போவுது. நீ உள்ள வராதடி!" என்றான் அண்ணன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா, ஒடம்புக்கு இன்னா?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. நீ போ" என்றார் அப்பா. குரல் ஏதோ தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

நான் உள்வழியாகச் சமையலறைக்குப் போனேன். அம்மா வாசப்படியில் நின்றிருந்தாள். அவளுக்கு அப்பாவின் முகம் நேராகத் தெரியும். அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். "இன்னாங்க, ஒரு மாதிரியா இருக்கீங்களே" என்று அங்கிருந்தே கேட்டாள். இறங்கப் போனாள். அப்பா உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார்.

"அங்கயே நில்லு."

அதற்குமேல் பேச அவருக்கு மூச்சு இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது அது வழக்கமான உத்தரவு போலத்தான் கேட்டது. அம்மா நின்றாள். "போய்ப் பாரேம்மா" என்று பின்னாலிருந்து அவள் தோளைத் தள்ளினேன். "கொஞ்ச நேரம்டி. முடியப் போவுதாம். எறங்கக் கூடாதுன்றாரு" என்றாள். அவள் கால் விரல்கள் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில்தான் அண்ணன் அதைச் சொன்னான். டிவியைப் பார்த்தபடியே, தலையை ஆட்டிக்கொண்டே சொன்னான்: "நீ சொன்னதுதாம்பா கரெக்டு. இவன்தான் கடைசியா நிக்கிறான்."

எத்தனை காலத்துக்குப் பிறகோ அவன் வாயிலிருந்து அப்பா என்ற சொல் வந்தது. அதோடு, நீ சொன்னது சரி என்ற சொல்லும். என் அப்பாவுக்கு அதைவிடப் பெரிய பரிசு எந்தத் தேசமும் எந்த அணியும் கொடுத்திருக்க முடியாது. அவர் தலை மெல்ல அசைந்ததை அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அந்த மனிதர் எழுந்திருப்பாரா? நாற்காலியோடு சேர்த்து எரித்தாலும் எழுந்திருக்க மாட்டார். எழுந்தால் விக்கெட் விழும். விழுந்தால் மகன் மறுபடியும் ஊமையாகிவிடுவான். எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் இன்னும் ஆத்திரமாக வந்தது.

பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது பெரியவர் கைத்தடியோடு நடை கிளம்பி வந்துகொண்டிருந்தார். "அப்பாவுக்கு என்னவோ பண்ணுது. யாரும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறாங்க" என்றேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறைக்குள் போய் டிவிக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றார். "தாத்தா, மறைக்காதீங்க!" என்றான் பாயில் இருந்தவன். பெரியவர் குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார், கையைத் தொட்டார். பிறகு ஒரு கத்தல் கத்தினார். அந்தக் குரலை அவர் ராணுவத்தில்தான் வைத்திருந்திருக்க வேண்டும்.

"மனுசன் செத்துக்கினு இருக்கான்! ஆட்டம் பாக்கறீங்களா? போடா, வண்டி கொண்டா!"

அம்மா வாசப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். அண்ணன் எழுந்தான். எல்லாரும் எழுந்தார்கள். அப்பாவைத் தோளில் கைபோட்டுத் தூக்கினோம். அதே நேரம், யாரும் அணைக்காத டிவியில் கூட்டம் ஓவென்று அலறியது. அப்பாவுடைய ஆள் அவுட். "ச்சே!" என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்னான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனை நான் அந்த நொடி கொன்றிருப்பேன். அப்பா தொங்கிய தலையைத் திருப்பித் திரையைப் பார்க்க முயன்றார்.

ஆட்டோ வந்தது. பின்சீட்டில் அப்பாவைச் சாய்த்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டான். அம்மாவுக்கு இடமில்லை. பெரியவர், "நான் இட்டுக்கினு வரேன், நீங்க போங்க" என்றார். வண்டி திரும்பும்போது அம்மா செருப்பில்லாமல் கேட்டருகே நின்றதைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ரோடு காலிதான். டவுனுக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போயிருக்கலாம். நெல்லித்தோப்புக்கு அருகே வந்ததும் வண்டி நின்றுவிட்டது. டிவி விற்கிற கடை ஒன்று ஷோகேஸில் பெரிய பெரிய திரைகளை வைத்து மேட்சை ஓட விட்டிருந்தது. கூட்டம் நடைபாதை தாண்டிப் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. சைக்கிள்கள், மொபெட்டுகள், நின்றுவிட்ட ஒரு டவுன் பஸ், அதன் ஜன்னல்களில் தலைகள். டிரைவர் ஹாரன் அடித்தார். யாரும் அசையவில்லை. ஹாரன் சத்தத்துக்கு ஒரு ஆள் திரும்பாமலேயே கையை மட்டும் பின்னால் காட்டி, இரு என்றான். அந்தக் கை அப்பா காட்டியதைப் போலவே இருந்தது.

அண்ணன் குதித்து இறங்கினான். ஆட்களைப் பிடித்துத் தள்ளினான். வாயில் வரக் கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. பிறகு அழுதுகொண்டே கும்பிட்டான். "எங்கப்பாங்க, வழி விடுங்க, எங்கப்பாங்க." ஒருத்தர் எட்டி வண்டிக்குள் பார்த்துவிட்டு முகம் மாறினார்; அவரும் சேர்ந்து ஆட்களை ஒதுக்கினார். மெல்ல வழி கிடைத்தது. நாங்கள் கூட்டத்தின் நடுவில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே மேட்ச் முடிந்தது. எல்லா வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரு பெருமூச்சு வந்தது. அது தோற்றுப்போன சத்தம்.

அப்பா கண்ணைத் திறந்தார். "போச்சா?" என்றார்.

அண்ணன் வண்டியில் ஏறித் திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "இல்லப்பா. ஜெயிச்சிட்டோம்ப்பா."

"கூட்டம் கத்துறது எனக்குத் தெரியாதாடா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் எழுந்திருக்கக் கூடாது" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரல் அது. நடுச்சாலையில், மகன் கையைப் பிடித்துக்கொண்டு, பதினொரு பேர் தோற்றதற்கு என் அப்பா மன்னிப்புக் கேட்டார். அந்தப் பதினொரு பேருக்கு இப்படி ஒருவர் பிறந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

அதன் பிறகு அவர் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் கிடத்தி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இளவயது டாக்டர் ஒருவர் கையுறையை மாட்டிக்கொண்டே, "வலி எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். அண்ணன் உடனே பதில் சொன்னான். "முப்பதாவது ஓவர்லேருந்து தோளைப் பிடிச்சிக்கினு இருந்தாரு டாக்டர்."

அப்படியானால் அவன் பார்த்திருக்கிறான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று நான் நினைத்தவன், எந்த ஓவரில் அப்பா தோளைப் பிடித்தார் என்று கணக்காகப் பார்த்து வைத்திருக்கிறான். டாக்டர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவன் தான் என்ன சொன்னோம் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். நான்தான் அதை மணிக்கு மாற்றிச் சொன்னேன். டாக்டர் உள்ளே போனார். திரும்பி வந்தார். இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். அவ்வளவுதான்.

சாவு வீட்டில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வந்தவர்களுக்கு டீ கொடுத்தார்கள். நான் உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக வெளியே பேசுவது கேட்டது. முதலில் அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். தங்கமான மனிதர் என்றார்கள். அப்புறம் குரல் தாழ்ந்தது. பிறகு கொஞ்சம் உயர்ந்தது. "அவன் இன்னும் ரெண்டு ஓவர் நின்னிருந்தான்னா கதையே வேற." "அந்த ஷாட்டு ஆட வேண்டிய அவசியமே இல்ல." "டாஸ் ஜெயிச்சப்பவே இவங்க பேட்டிங் எடுத்திருக்கணும்." அப்பா ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கிறார், காலடியில் இவர்கள் டாஸைப் பற்றிக் கருத்துச் சொல்கிறார்கள். எழுந்து போய் அந்த டீயைப் பிடுங்கிக் கொட்ட வேண்டும்போல் இருந்தது. என்னைக் கேட்டால் ரசிகனுடைய கருத்துக்கு வெட்கம் கிடையாது. அது எழவு வீடு, கல்யாண வீடு என்று பார்ப்பதில்லை.

பெரியவர் மட்டும் ஒரு ஓரத்தில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரோ கேட்டார்கள்: "நீங்க உள்ள போனப்பதான அவரு எழுந்தாரு? அப்பதான விக்கெட்டு விழுந்துச்சு?" அவர் கேட்டவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார். அதோடு இந்தப் பேச்சு நிற்கவில்லை. தெருமுனை டீக்கடையில் ரொம்ப நாள் அது ஓடியது. அப்பா நாற்காலியில் இருந்தவரைக்கும் அந்த விக்கெட் விழவில்லை, எழுந்தார், விழுந்தது என்று. சொல்கிறவர்கள் கேலியாகச் சொல்லவில்லை. பக்தியோடு சொன்னார்கள். சாமி வந்தவரைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்கள்.

அண்ணன் அந்த வருஷம் எந்த மேட்சும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த படத்தைக் கிழித்துப் போட்டான். பட்டறை முதலாளியிடம் தானே போய் நின்று வேலை கேட்டு வாங்கினான். அப்பா நின்ற அதே லேத்தில் அவனை நிறுத்தினார்கள். ஒழுங்காகப் போனான், ஒழுங்காக வந்தான். அடுத்த வருஷம் சிநேகிதன் வீட்டில் போய் மறுபடி மேட்ச் பார்க்கத் தொடங்கிவிட்டான். நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அப்பா தோளைப் பிடித்ததைப் பார்த்தும் சும்மா இருந்தவன் என்பது அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும். நல்ல பிள்ளையாகிவிட்டான் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அப்பா உயிரோடு இருக்கும்போது ஆகியிருக்கலாம்.

இறந்தவர் கடைசியாக என்ன சொன்னார் என்று எல்லாரும் கேட்பார்கள். வருகிற பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு அடுத்து அதைத்தான் கேட்டார்கள். அம்மா அண்ணனைப் பார்ப்பாள். "ஒண்ணும் சொல்லல. நெனவு இல்ல" என்று அவன் முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். நானும் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்கு அது தாங்காது என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கூடக் குடும்பம் நடத்தியவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், விக்கெட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார் என்று எப்படிச் சொல்வது? அம்மா யாரிடமும் வற்புறுத்திக் கேட்கவில்லை. ஆனால் அவள் அந்த வாசப்படியைத் தாண்டும் விதம் மாறியிருந்தது. படிமேல் காலே படாமல் எட்டி வைத்துத் தாண்டுவாள். கையில் சாதப் பானை இருந்தாலும் அப்படித்தான். மேட்ச் நினைவு வேண்டாமென்று ஒதுங்குகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சாவு விழுந்த வீடு, அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. பொங்கலுக்குச் சில நாள் முன்பு நானும் அம்மாவும் சமையலறையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். அம்மா தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஆட்டோவுல உங்கப்பா ஏதோ சொன்னாரு. நீயும் அவனும் மறைக்கறீங்க. சொல்லுடி, நான் தாங்கிக்குவேன்."

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. சொன்னேன். போச்சா என்று கேட்டதை, அண்ணன் ஜெயித்துவிட்டதாகச் சொன்னதை, கூட்டம் கத்துவது எனக்குத் தெரியாதா என்றதை. "நான் எழுந்திருக்கக் கூடாது" என்றதையும் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லாவிட்டால், சாகும்போதும் அந்தப் பாழாய்ப்போன ஆட்டம்தானா என்று திட்டுவாள். திட்டினால் நானும் சேர்ந்து திட்டலாம் என்று காத்திருந்தேன்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. "அவரு எழுந்ததாலன்னா சொன்னாரு?" என்றாள்.

"ஆமாம்மா."

"எம்மேல கோவம் இல்லையா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உம்மேல எதுக்கும்மா கோவம்?" என்றேன்.

"அங்கயே நில்லுன்னாருடி எங்கிட்ட. அதுதான் கடைசி. அந்தக் கெழவர் கத்தினதும் நான் எறங்கிட்டேன். எறங்கினேன், அவுட்டாச்சு. அவரும் போயிட்டாரு." அம்மா மடியில் இருந்த மொச்சைக்காய்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொன்ன எடத்துலயே நின்னிருந்தா பொழச்சிருப்பாரு."